எச்சரிக்கைக் குரல் யாருக்கு?

முதுமலை, பந்திப்பூர் போன்ற இலையுதிர் காடுகளில் புலியைக் கண்ணால் கண்டவர்களைவிட, அது அருகில் இருப்பதைக் காதால் அறிந்தவர்களே மிகுதி. புலியும் சிறுத்தையும் ஓசையின்றிப் பதுங்கி வேட்டையாடுபவை. அவற்றுக்கு இரையாகும் விலங்குகளோ அவற்றைக் கண்ட கணமே குரல் எழுப்புபவை. விலங்குகளின் செயல்களை அவற்றின் இயல்பான சூழலில் வைத்து ஆராயும் நடத்தையியல் துறை இக்குரலை எச்சரிக்கை ஒலி என்று வழங்குகிறது. நாள்தோறும் காட்டுக்குள் நடந்து ரோந்து செல்லும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு இது உயிர்காக்கும் அறிவு.

எல்லாக் குரலுக்கும் ஒரே மதிப்பில்லை என்பதே இவ்வறிவின் முதல் பாடம். கூட்டமாக மேயும் புள்ளிமான் எளிதில் மிரள்வது. சருகில் எழும் சிறு சலசலப்புக்கும் கீச்சென்று ஒருமுறை கத்திவிட்டு மீண்டும் மேயத் தொடங்கிவிடும் என்பதால், அதன் ஒற்றைக் குரலை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. தென்மாவட்டங்களில் மிளா எனப்படும் கடமானின் தன்மை வேறு. ஐயம் கொண்ட கடமான் உடனே கத்துவதில்லை. காதுகளை முன்னோக்கி விறைத்து, வாலை உயர்த்தி, ஒரே புதரை நோக்கி அசையாமல் நின்று, முன்னங்கால் ஒன்றைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தபின்னரே, கணீரென்ற பெருங்குரலை இடைவெளி விட்டு விட்டு எழுப்பும். அக்குரல் பலமுறை தொடர்ந்தால் அங்கே புலியோ சிறுத்தையோ இருப்பது பெரும்பாலும் உறுதி. அதன் முகம் திரும்பியிருக்கும் திசையே ஊனுண்ணி இருக்கும் திசை. சற்று நேரத்தில் அடுத்த ஓடைக்கரையிலிருந்து மந்தி இருமுவதுபோல் கத்தி, அதற்கும் அப்பால் கேளையாடு குரைக்குமானால், புலி எவ்வழியாக நடந்து செல்கிறது என்பதையும் நின்ற இடத்திலிருந்தே அறியலாம். குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிகளைத் தேடித் திரிந்த ஜிம் கார்பெட் தம் நூல்களில் விவரிக்கும் தடமறியும் முறையிலும் இத்தகைய குரல்களுக்கு முதன்மையான இடம் உண்டு.

மந்தியும் மானும் ஒன்றன் குரலை மற்றொன்று பயன்படுத்திக்கொள்வதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா காட்டில் இவ்வுறவு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. மரத்தின் மேலிருக்கும் மந்திக்குத் தொலைவுப் பார்வை வாய்க்கிறது. தரையில் மேயும் மானுக்கு மோப்பம் கூர்மை. மந்தி உதிர்க்கும் தழையும் காயும் மானுக்கு உணவாவதால் அவை அருகருகே இருப்பது வழக்கம்; ஆகவே இரண்டும் ஒருசேரக் கத்தும்போது, கண்ணும் மூக்கும் ஒரே செய்தியைச் சொல்வதாகக் கொள்ளலாம்.

தன்னை இரையாக்க வந்த விலங்கு பக்கத்திலேயே இருக்கும்போது, தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும்படி ஒரு விலங்கு ஏன் உரக்கக் கத்த வேண்டும்? தன் இனத்தைக் காக்கவே என்பது பலரும் சொல்லும் விடை. அது ஓரளவே சரியானது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் டாய் காட்டில் வாழும் டயானா குரங்குகளைப் பற்றிய ஆய்வுகள் 1990களின் இறுதியில் வெளிவந்தன. குரங்குகள் கத்தத் தொடங்கியதும் சிறுத்தை பதுங்கியிருந்த இடத்தை விட்டு அகன்றுவிடுவதை அவை காட்டின. மறைவு குலைந்தபின் காத்திருப்பதில் அதற்குப் பயனில்லை. ஆகவே அக்குரல் சிறுத்தையை நோக்கியும் எழுப்பப்படுகிறது. அதே குரங்குகள், விடாமல் துரத்தி வேட்டையாடும் சிம்பன்சிகள் வரும்போதும் மனிதர் வரும்போதும் கத்துவதில்லை. ஓசையின்றி விலகி மறைந்துகொள்கின்றன. குரல் கேட்காத காடு ஆபத்தற்ற காடு என்று கொள்வது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பறவைகளிடத்தும் இத்தகைய வேறுபாடு உண்டு. பறந்துவரும் வல்லூறைக் கண்ட சிறு பறவைகள் பல மெல்லிய, நீண்ட, உச்சத்தொனி ஒலியை எழுப்பிவிட்டு அசைவின்றி ஒடுங்கும். தொடக்கமும் முடிவும் மழுங்கிய அவ்வொலி எங்கிருந்து வருகிறது என்று கண்டறிவது கடினம் என 1950களிலேயே ஆய்வாளர் பீட்டர் மார்லர் விளக்கினார். அமர்ந்திருக்கும் ஆந்தையையோ ஊர்ந்து செல்லும் பாம்பையோ கண்டால் நிலைமை நேர்மாறாகிவிடும். பறவைகள் கரகரத்த குரலில் விடாது கத்தி, அண்டையிலுள்ள பறவைகளையெல்லாம் வரவழைத்து, கூடி நின்று அதை விரட்டும். கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகள் சிறுத்தை, கழுகு, பாம்பு ஆகிய மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு ஒலிகளை எழுப்புவதும் 1980இல் வெளியான ஆய்வால் உறுதிப்பட்டது. பதிவு செய்த ஒலியை மட்டும் கேட்கச் செய்தபோதே, சிறுத்தைக்குரிய ஒலிக்கு மரமேறியும், கழுகுக்குரிய ஒலிக்கு வானை நோக்கியும், பாம்புக்குரிய ஒலிக்குத் தரையைத் துழாவிப் பார்த்தும் அவை நடந்துகொண்டன. இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டில் வாழும் துடுப்புவால் கரிச்சானோ, ஆபத்து நேரும்போது பிற பறவைகளின் எச்சரிக்கை ஒலிகளையும் பின்பற்றிக் கத்துகிறது; அங்கே ஒரு குரலைக் கேட்டவுடன் இன்ன பறவை என்று துணிவது அறிவுடைமை ஆகாது.

இவ்வறிவுக்குப் பெருந்தடையாக இருப்பவர் பெரும்பாலும் கேட்பவரே. காட்டுக்குள் நுழையும் மனிதரைக் கண்டுதான் ஆள்காட்டிக் குருவி முதலில் கத்துகிறது, மலையணில் கிளைமேல் நின்று கடகடக்கிறது. தம்மால் எழுந்த கலவரத்தைப் புலியால் எழுந்ததாகக் கொள்ளாதிருக்க வேண்டுமானால், ஓரிடத்தில் அசையாமல் அமர்ந்து, காடு தன் வழக்கமான ஓசைகளுக்குத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வழக்கத்தை அறியாதவருக்கு மாற்றமும் புலப்படாது.

விலங்குகளின் நடத்தையை மழை வருவதற்கான குறியாக உழவர் கொள்ளும் வழக்கத்தையும் இங்கே கருத வேண்டியிருக்கிறது. தவளை இணையை அழைக்கக் கத்துகிறது. ஈரமும் தேங்கிய நீரும் அதைத் தூண்டுகின்றன. ஈசல் புற்றை விட்டுப் புறப்படுவதும் மழையின் ஈரத்தை ஒட்டியே. இவை காற்றிலும் மண்ணிலும் ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட மாற்றத்தைக் காட்டுபவை. அந்த அளவில் உழவரின் கவனிப்புக்கு உரிய மதிப்பைத் தரலாம், அதற்குமேல் சோதிடம் போல நம்பலாகாது.

எச்சரிக்கைக் குரல்களைக் கேட்டறியும் பயிற்சிக்குக் காடு தேடிச் செல்ல வேண்டியதில்லை. தவிட்டுக்குருவிகளும் அணில்களும் வீட்டுத் தோட்டத்திலேயே இருக்கின்றன. அவை ஒரு புதரைச் சூழ்ந்து, தலையைத் தாழ்த்தி, ஒரே இடத்தைப் பார்த்தபடி விடாது கத்துமானால், அங்கே பாம்பு இருக்கக்கூடும். அது சாரையாகவும் இருக்கலாம், கண்ணாடி விரியனாகவும் இருக்கலாம். கல்லெறிந்து அவற்றைக் கலைக்காமல், குழந்தைகளை அப்பக்கம் போகவிடாமல் தள்ளி நின்று கவனியுங்கள்.