காரணப்பெயரும் இடுகுறிப்பெயரும்: ஒரு நீரிழிவு மருந்துச் சீட்டை வாசித்தல்

பெயர்ச்சொற்களை இடுகுறி, காரணம் என இரண்டாகப் பகுப்பது நம் இலக்கண மரபு. மொழியியலில் முதுகலை முடித்து முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த எனக்கு அந்தப் பகுப்பு மிகுதியும் பயன்பட்ட இடம் வகுப்பறை அன்று. தில்லியில் எங்கள் வீட்டருகே உள்ள மருந்துக்கடை.

மருந்துகளுக்கு உலகப் பொதுப்பெயர் சூட்டும் முறையை உலக சுகாதார நிறுவனம் நடத்துகிறது. அதன் முதல் பட்டியல் 1953இல் வெளிவந்தது. ஒரே வகையில் செயல்படும் மருந்துகளுக்கு ஒரே விகுதி தருவது அதன் விதி. சிட்டாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின், டெனிலிக்ளிப்டின் ஆகியவை ஒரு குடும்பம். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மற்றொரு குடும்பம். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. விகுதியைக் கண்டால் வகை தெரியும். இவை காரணப்பெயர்கள்.

மருந்துச் சீட்டிலோ பெரும்பாலும் நிறுவனம் சூட்டிய வணிகப்பெயர்தான் இருக்கிறது. ஒரே மூலக்கூறு பல பெயர்களில், பல விலைகளில் விற்கிறது. அந்தப் பெயர்களிலிருந்து உள்ளே என்ன மருந்து என்பதை நோயாளியால் அறிய இயலாது. அவை அவருக்கு வெறும் இடுகுறிகள். இந்த வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதில்லை என்பதை என் தாயார் வழியாக அறிந்தேன்.

அம்மாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு. குடும்ப மருத்துவர் கொடுத்த மாத்திரையைக் காலையும் இரவும் உட்கொண்டு வந்தார். அதில் கிளிமெபிரைடும் 500 மி.கி. மெட்ஃபார்மினும் கலந்திருந்தன. பின்னர் வேறொரு மருத்துவமனையில் புதிய மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். அதுவும் நாளைக்கு இரண்டு. சிட்டாக்ளிப்டினோடு 1,000 மி.கி. மெட்ஃபார்மின். பழையதை நிறுத்தும்படி எவரும் சொல்லவில்லை. பெயர்கள் வேறு, நிறங்கள் வேறு. ஆகவே மருந்துகளும் வேறு என்றே அம்மா எண்ணினார். நாளொன்றுக்கு 3,000 மி.கி. மெட்ஃபார்மின் உடலுக்குள் சென்றது. பொதுவாக 2,000 முதல் 2,550 மி.கி. வரையே உச்ச அளவு. சில வாரங்களாக இருந்த வயிற்றுப்போக்குக்குத் தில்லித் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பொதுப்பெயர்களைப் படித்தபோதுதான் உண்மை விளங்கியது. குடும்ப மருத்துவர் மருந்தை மாற்றியமைத்தார், வயிறு சீரானது. அட்டையில் எல்லாமே அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் அம்மா தமிழ் மட்டுமே படிப்பவர். அட்டையில் தமிழ் இல்லை.

பெயர் மறைவதால் விலையும் மறைகிறது. இந்தியாவில் சிட்டாக்ளிப்டினின் காப்புரிமை 2022 ஜூலையில் முடிந்தது. அந்த ஆண்டே ஜன் அவுஷதி எனப்படும் மக்கள் மருந்தகங்களில் 50 மி.கி. மாத்திரை பத்து 60 ரூபாய்க்கு வந்தது. எம்பாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தபோது, ஏறத்தாழ 60 ரூபாய் விற்ற மாத்திரைக்கு மாற்றாகப் பத்தில் ஒரு பங்கு விலையில் பிற நிறுவனங்களின் மாத்திரைகள் கிடைத்தன. ஆயினும் பழைய சீட்டில் பழைய வணிகப்பெயரே இருந்தால், விலை வீழ்ந்த செய்தி அந்த வீட்டை எட்டாது. ஆயுஷ்மான் பாரத் உள்ளிட்ட பெரும்பாலான காப்பீடுகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் செலவை ஏற்கின்றன. மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்குக் கைக்காசுதான்.

விலை குறைந்ததே எப்போதும் சிறந்தது என்று நான் வாதிடவில்லை. கிளிமெபிரைடு மலிவானது, ஆனால் முதியோருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும் இடர் அதில் உண்டு. இதயமோ சிறுநீரகமோ பழுதுற்றவர்களுக்கு ‘க்ளிஃப்ளோசின்’ குடும்பம் தரும் காப்பைப் பழைய மருந்துகள் தருவதில்லை. எவருக்கு எந்த மூலக்கூறு என்பது மருத்துவரின் முடிவு. அந்த மூலக்கூற்றை எந்தப் பெயரில், எந்த விலையில் வாங்குவது என்பதில் நோயாளிக்கும் இடம் இருக்கவேண்டும் என்பதே என் கருத்து.

மருந்துகளைப் பொதுப்பெயரில், தெளிவான எழுத்தில் எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2016இல் விதித்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் அதை வலியுறுத்திப் புதிய விதிகளை வெளியிட்டு, அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது. மருத்துவர்களின் மறுப்பில் நியாயமும் உண்டு. எல்லா நிறுவனங்களின் தரமும் ஒன்றெனச் சொல்ல இயலாத நிலையில், பொதுப்பெயரை மட்டும் எழுதினால் தேர்வு மருத்துவர் கையிலிருந்து கடைக்காரர் கைக்குப் போய்விடும் என்கிறார்கள். அப்படியானால் இரண்டு பெயர்களையும் எழுதலாமே! அதற்கு ஒரு வரிக்குமேல் இடம் வேண்டியதில்லை.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கக்கூடும். அவருடைய மாத்திரை அட்டைகளை ஒருமுறை பரப்பிவைத்துப் பொதுப்பெயர்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் இருமுறை வருகிறதா, ஒரே விகுதியில் இரண்டு மருந்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். அந்தத் தாளை மருத்துவரிடம் நீட்டி, “இவை எல்லாம் வேண்டுமா? இதே மருந்து குறைந்த விலையில் கிடைக்குமா?” என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் இப்போது குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. அம்மாவே படித்துக்கொள்கிறார்.