எத்தனை அடுப்பு?

சென்னை எம்.கே.பி. நகரில் மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போய், ஒரு கதவுக்கு ஒரு குடும்பம் என்று எழுதிக்கொண்டு போனால் கணக்கு தப்பிவிடும். வீட்டுவசதி வாரியத்தின் சின்ன வீடுகள் மேல்மாடி எழும்பி, பக்கத்தில் இரும்புப் படி வைத்து வளர்ந்திருக்கின்றன. கீழே அண்ணன், மேலே தம்பி, மொட்டைமாடி ஷீட் அறையில் வாடகைக்காரர். "எத்தனை குடும்பம்?" என்றால் "ஒண்ணுதான் டீச்சர்" என்பார்கள். "சமையல் தனித்தனியா?" என்று கேட்டால்தான் மூன்று அடுப்பு தெரியவரும். ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்களே ஒரு குடும்பம் என்பது கணக்கெடுப்பின் விதி. ரேஷன் கார்டைப் பார்த்து எழுதக் கூடாது.

2010இல் வீட்டுப்பட்டியல், 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை ஆட்கணக்கு என்று இரண்டு கட்டம். பட்டியலுக்கு முன்னால் வரைபடம் போட வேண்டும். கெட்டிக் கட்டடத்துக்குச் சதுரம், கூரை வீட்டுக்கு முக்கோணம், நாம் நடக்கும் வழிக்கு அம்புக்குறி. இதைப் பலர் ஒப்புக்குப் போடுவார்கள். என்னைக் கேட்டால் பாதி வேலை அதுதான். சந்துக்குள் ஒளிந்த வீடு அங்கேதான் பிடிபடும்.

வேலை பற்றிய கேள்விக்குப் பொறுமை வேண்டும். வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "நான் சும்மாதான் இருக்கேன் டீச்சர்" என்றார். மடியில் மல்லிகை, விரலில் நார்; பேசும்போதும் கை நிற்கவில்லை.

"இந்தப் பூ யாருக்கும்மா?"

"கடைக்காரரு குடுப்பாரு. முழத்துக்கு இவ்ளோன்னு காசு."

கடந்த ஓராண்டில் கொஞ்ச காலம் உழைத்திருந்தாலும் பணியாளர்தான். ஆறு மாதமோ அதற்கு மேலோ என்றால் முதன்மைப் பணியாளர். முதல் பதிலோடு நகர்ந்திருந்தால் அந்த உழைப்பு நாட்டின் கணக்கில் வந்திருக்காது. எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது அந்த வாசலில்தான்.

"வீட்டு வரி ஏறுமா?" என்ற பயத்துக்கும் பதில் உண்டு. 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி நீங்கள் சொல்வது ரகசியம். அதை எழுதிய பதிவேட்டை யாரும் வாங்கிப் பார்க்க முடியாது.

கணக்கெடுப்பு 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கொருமுறை தவறாமல் நடந்தது. 2021இல் கொரோனாவால் நின்றது. 2011இல் எடுத்து முடித்தபின் சரிபார்த்தபோது, ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டது தெரிந்தது. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. தாளுக்குப் பதில் கைபேசி, சாதிக் கேள்வியும் உண்டு. கருவி மாறினாலும் கேட்கிறவரும் சொல்கிறவரும் மனிதர்கள்தான். ஆகவே வீட்டுக்கு வருகிறவரிடம், துறைமுகத்துக்கு நைட் ஷிப்ட் போனவரையும், இன்னும் பேர் வைக்காத பிள்ளையையும் விடாமல் சொல்லுங்கள்.