ராம்போ கத்தியும் மாமாவின் கொடுவாளும்

காட்டுப் பக்கம் போய் டெண்ட் போடணும் என்று எங்கள் செட்டில் முதலில் ஆரம்பித்தவன் நான்தான். வெள்ளைக்காரர் ஒருத்தர் ஒரே ஒரு கத்தியை வைத்துக்கொண்டு குடிசையே கட்டுகிற வீடியோவை ராத்திரி ரெண்டு மணி வரை பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? உடனே ஆன்லைனில் ஒன்று வாங்கிவிட்டேன். முதுகில் ரம்பப் பல், குழாய் மாதிரி பிடி, அதற்குள் தீக்குச்சியும் தூண்டில் நரம்பும், மூடியில் திசைகாட்டி. 1982-ல் வந்த முதல் ராம்போ படத்தில் ஸ்டாலோன் வைத்திருப்பாரே, கிட்டத்தட்ட அதே டிசைன். ஹாஸ்டலில் அதற்கு ரசிகர் மன்றமே இருந்தது :-)

பொங்கல் லீவில் நண்பன் ஊருக்குக் கிளம்பினோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி கல்வராயன் மலை ஏறினால் வெள்ளிமலை. அங்கிருந்து இன்னும் உள்ளே அவன் மாமாவின் சாமைக் கொல்லை. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தங்கக் கூடாது என்பதால் கொல்லை ஓரத்திலேயே டெண்ட். சாயங்காலமே குளிர் நடுக்கியது. இருந்த விறகெல்லாம் தடித்தடியான கட்டை. வீடியோவில் பார்த்தபடி கட்டையின் தலையில் கத்தியை வைத்து, மேலே இன்னொரு கட்டையால் தட்டினேன். நாலாவது தட்டில் பிடி என் கையில் இருந்தது. அலகு நண்பன் காலில்.

நாலு தையல். இருட்டில், வளைவுக்கு வளைவு, பைக்கில் அவனை நடுவில் வைத்துக்கொண்டு இறங்கியதைப் பற்றி எழுத இப்போதும் மனசு வரவில்லை. அவன் அம்மாவிடம் வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொன்னோம். மாமாவிடம் அது எடுபடவில்லை.

மறுநாள் காலையில் அவர் உடைந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காம்பு எங்க தம்பி?"

அலகுக்குப் பின்னால் பிடிக்குள் போகிற இரும்பைத்தான் கேட்டார். என் கத்தியில் அது ஒரு இஞ்ச் கூட இல்லை, ஒரு திருகாணி மட்டும். அடி விழுகிற இடமே அந்த மூட்டுதான். அங்கேதான் காற்று அடைத்து விற்றிருக்கிறார்கள்.

அப்புறம் தன் கொடுவாளைக் கையில் கொடுத்தார். லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்தது. மூக்கு வளைந்திருப்பதால் முள்ளுக் கிளையைத் தொடாமலே இழுக்கலாம், கனம் முன்பக்கம் இருப்பதால் வெட்டு தானாக இறங்கும், பிடிக்குப் பக்கத்தில் இருக்கிற நேர் விளிம்பில் மூங்கில் சீவலாம். இணையத்தில் எல்லோரும் பிடியின் கடைசி வரை இரும்பு ஓடணும் என்று சத்தியம் செய்கிறார்கள். மாமாவின் கொடுவாளில் அப்படி இல்லை. நீளமான காம்பைப் பழுக்கக் காய்ச்சிக் கட்டைக்குள் இறக்கி, வாயில் பூண் போட்டிருக்கிறது. பிடி மூன்று தடவை மாறியிருக்கிறது, இரும்பு அதேதான். பேர்போன ஸ்வீடன் மோரா கத்திகள் பலவற்றிலேயே காம்பு பிடியின் கடைசி வரை போவதில்லை என்று பிறகு படித்தேன். போதுமான நீளம், போதுமான தடிமன், அவ்வளவுதான் விஷயம்.

துருப்பிடிக்குமே மாமா என்றேன். "நீ துடைக்க மாட்டியா?" என்றார். எவர்சில்வர் மாதிரி துரு ஏறாத இரும்பு புளி, எலுமிச்சை அறுக்கிற சோம்பேறிகளுக்கு (நான்!) வசதி. ஆனால் ஸ்பிரிங் பட்டை ஒரு சாதாரணக் கல்லிலேயே கூர் ஏறும். துடைத்து எண்ணெய் தடவுவது நம் வேலை.

ஒரு சட்ட விஷயம். ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்காகச் செய்தவற்றுக்கு மட்டும் விலக்கு. கொல்லைக்குப் போகிற மாமா இடுப்பில் செருகினால் அது கருவி. கறுப்புச் சாயம் பூசிய ஒன்றைக் காலேஜ் பையன் பஸ்ஸில் கொண்டுபோனால் என்ன பதில் சொல்வான்?

இறங்கி வரும்போது அடிவாரத்தில் ஒரு கொல்லுப் பட்டறையில் நின்றோம். சின்னதாக ஒரு கத்தி வேணும் என்றேன். எத்தனை இஞ்ச் என்று கேட்பார் என நினைத்தேன். "என்ன வெட்டப் போற?" என்றார். குச்சி சீவ, கயிறு அறுக்க, காய் நறுக்க. விறகு பிளக்கவா? இல்லைண்ணே, அதுக்கு மாமா கொடுவாள் இருக்கு.

நாலு விரல் நீள அலகு, வேப்பங்கட்டைப் பிடி. அடுத்த வாரம் போய் வாங்கி வந்து நண்பனிடம் நீட்டினேன். அவன் கூர் பார்க்கவில்லை. பிடியைத் தரையில் ரெண்டு தட்டு தட்டிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான்.