உப்புத் தரையில் ஒரு ஞாயிறு

துபாயில் இருக்கும் தம்பி, குடும்பத்தோடு பாலைவனத்தில் நடந்த படங்களை வாராவாரம் அனுப்புவான். "நமக்கும் ஒண்ணு இருக்குடா"ன்னு சொல்லிட்டு போன ஞாயிறு நாங்களும் கிளம்பிட்டோம்.

கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஸ்டேஷன் எளாவூர். கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. மழைக்காலத்தில் கடல் மாதிரி விரிந்து கிடக்கும். பங்குனி வெயிலில் ஓரமெல்லாம் வற்றி, வெடித்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. அடியில் இன்னும் ஈரச் சேறு. மகளின் ஒரு செருப்பு உள்ளே போனது போனதுதான். தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு: பூநாரைகள்.

தண்ணீர் மிச்சமிருந்த இடத்தில் சில பெண்கள் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறி பல்லில்.

"என்னக்கா, கிடைச்சுதா?" என்றாள் என் மனைவி.

வாயைத் திறந்தால் பறி விழுந்துவிடும். அவர் தலையை மட்டும் ஆட்டினார், கண் சிரித்தது.

திரும்பும்போது ரயிலில் மகள் தண்ணீர் பாட்டில் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கும்மிடிப்பூண்டி வரைகூடத் தாங்கவில்லை.