காத்திருப்பது யார்?

வடசென்னையின் மூலக்கொத்தளம் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இடுகாடுதான். இந்தி எதிர்ப்புப் போரில் 1939இல் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் உறங்கும் மண் அது. இப்படிப்பட்ட இடத்தை ஒட்டிய டிசைன் மேசைக்கு அவசரம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் சாவு, மாலையில் எடுப்பு. இடையே உள்ள சில மணி நேரத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் தெருமுனையில் நின்றாக வேண்டும். செல்போனில் வந்த கல்யாண குரூப் போட்டோவிலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, தோள்மேல் கிடக்கும் அடுத்தவர் கையை அழித்து, உறவினர் பெயர்களை வரிசை பிசகாமல் அடிக்க வேண்டும். அதே கம்ப்யூட்டரில்தான் வீட்டு எலிவேஷனும் கடை முகப்பும் 3டி ரெண்டராக ஓடுகின்றன. "மெஷின் ரொம்ப ஸ்லோண்ணா, மாத்திடலாம்" என்பார் டிசைனர். "இருக்கிறது ஓடுதுல்ல" என்பார் முதலாளி. இந்த வழக்கில் இரண்டு தரப்புமே தவறான கேள்வியைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பது என் கருத்து. மெஷின் எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்பது அல்ல, அது ஓடி முடிக்கும்வரை யார் காத்திருக்கிறார் என்பதே கேள்வி.

இந்த வேலையில் காத்திருப்பு இரண்டு வகை. ராத்திரி கடை அடைக்கும்போது ரெண்டரைப் போட்டுவிட்டுப் போனால், அது 2 மணி நேரம் எடுத்தாலும் 6 மணி நேரம் எடுத்தாலும் காலையில் படம் தயார். காத்திருந்தது மெஷின் மட்டும்தான். பகலில் மவுஸைப் பிடித்த கை நின்றுபோவது வேறு. பக்கத்து ஸ்டூலில் துக்க வீட்டுக்காரர் உட்கார்ந்து, "போட்டோவைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க" என்கிறார். பெரிதாக்கிவிட்டு 20 விநாடி, பிடிக்காமல் பழையபடி மாற்றினால் இன்னொரு 20 விநாடி. ஒரு பேனரில் இது ஐம்பது முறை நடக்கும். அங்கே கரைவது கூலி கொடுத்து வாங்கிய நேரம்.

இந்த இழுவை எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 20க்கு 10 அடி ஃபிளக்ஸை அங்குலத்துக்கு 72 பிக்சலில் திறந்தால் 17,280க்கு 8,640, அதாவது ஏறக்குறைய 15 கோடி பிக்சல். அச்சுக்கான நான்கு நிறங்களுக்கும் சேர்த்து ஒரு முழு லேயருக்கே சுமார் 600 எம்பி. ஆறு லேயர் வைத்தால் 3.6 ஜிபி. கூடவே கோரல் டிராவும் வாட்ஸ்அப்பும் திறந்திருக்கும். 8 ஜிபி ரேம் நிரம்பியதும் ஃபோட்டோஷாப் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் எழுதத் தொடங்குகிறது. பழைய ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 150 எம்பி தருவதே பெரிது; சாதாரண எஸ்எஸ்டி 500 தரும். இந்த இடத்தில் விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டைப் போட்டால், நெரிசல் பாலத்தில் இருக்க, சாலையை அகலப்படுத்திய கதைதான். ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றினாலே கை நிற்பது பெருமளவு குறையும். அதற்கும் முன்னால், செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. தெருவைக் கடந்து நின்று பார்க்கும் பேனருக்கு 36 பிக்சல் போதும் என்றால், கோப்பு பாதியாக அல்ல, கால்வாசியாகச் சுருங்குகிறது.

'ரெண்டர் பார்க்கும் வாடிக்கையாளரும் பக்கத்திலேயே உட்கார்ந்து டைல்ஸ் நிறம் மாற்றச் சொல்கிறாரே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரும்பாலான நாட்களில் சிறிய அளவில் ஒரு டிராஃப்ட் ரெண்டர் அதைச் சமாளித்துவிடும். பகல் ரெண்டர்தான் கடையின் முக்கிய வருமானம் என்றாகிவிட்டால், கிராபிக்ஸ் கார்டு ஆடம்பரம் ஆகாது. அப்போதும் காட்சி முழுவதும் கார்டின் நினைவகத்தில் அடங்குமா, பழைய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) கார்டு இழுக்கும் மின்சாரத்தைத் தாங்குமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. இதை மறுக்க முடியாது. ஆனால் இது பாதுகாப்புக்கான காரணம், வேகத்துக்கானது அல்ல. அப்படிப் புதிய மெஷின் வாங்கினாலும், பழையதை இணையத் தொடர்பை எடுத்துவிட்டு ராத்திரி ரெண்டருக்கென்றே ஒதுக்கலாம். துறைமுகப் பக்கத்துத் தூசியையும் உப்புக் காற்றையும் குடித்த ஃபேனைச் சுத்தம் செய்து, பிராசசருக்குப் புது பேஸ்ட் தடவினால் அதற்கு இன்னும் ஆயுள் உண்டு.

ஆகவே கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்க ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன், ஒரு வாரம் நோட்டில் குறித்துவைப்பதே முதல் வேலை: கை எப்போது நின்றது, அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் எது 100 சதவீதத்தை முட்டியது. ரேம் என்றால் ரேம், டிஸ்க் என்றால் டிஸ்க். பகல் முழுவதும் பிராசசரே முட்டிக்கொண்டிருந்தால் டிசைனர் கேட்டது சரி, முதலாளி பணத்தை எடுக்கத்தான் வேண்டும். அதுவரை எந்தத் தரப்பையும் நம்ப வேண்டாம், நோட்டை நம்பலாம்.