திறக்காத லாச்சி



2024 தொடக்கத்தில் வாப்பாவின் மேசைப் படத்தை இங்கே போட்டிருந்தேன். பலருக்கு நினைவிருக்கும். வலது பக்கம் கண்ணாடிக் கதவு, உள்ளே நீல வெளிச்சம், சுற்றிக்கொண்டிருக்கும் இரண்டு விசிறிகள். "சேர், மேசைக்குள்ளேயே கொம்பியூட்டரா?" என்று பழைய மாணவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான். இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் "கண்ணாடி எங்க சேர்?" என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி அலுத்துவிட்டது. ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

வாப்பா கூட்டுறவுக் கடையில் கிளாக்கராக இருந்தவர். மேசை 1978இல் செய்தது, முழுக்கப் பலா மரம். புதிதில் மஞ்சளாக இருந்ததாம். எனக்கு நினைவு தெரிந்தபோது தேன் நிறம், இப்போது அதைவிடக் கறுப்பு. இடது பக்கம் பூட்டுப் போட்ட ஒரு பெரிய லாச்சி. வலது பக்கம் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று லாச்சிகள். வாப்பா சுவருக்கு முதுகைக் கொடுத்து, வாசலைப் பார்த்து இருப்பார். வருகிறவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் வாங்கில் இருப்பார்கள்.

அஸர் தொழுதுவிட்டு வந்து இருந்தாரென்றால் மஃரிப் வரைக்கும் ஊருக்காக எழுதுவார். எண்பதுகளில் எங்கள் கிழக்குக் கரையில் சவூதி, குவைத் என்று ஆள் போன வீடுகள் நிறைய. எழுதத் தெரியாத உம்மாமார் நீல ஏரோகிராமை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவார், மெதுவான குரலில் ஒரு தடவை வாசித்துக் காட்டுவார், ஒட்டிக் கொடுப்பார். காசு வாங்கியதில்லை. தன் வீட்டில் வைக்க முடியாத கடிதம் யாருக்காவது இருந்தால், அது இடது லாச்சிக்குள் போகும்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வீட்டுக்குள் வந்தது. மேசை தண்ணீரில் கிடந்தது. வாப்பா அதை நல்ல தண்ணீரால் கழுவி, வெயிலில் வைக்காமல் நிழலில் வைத்துக் காயவிட்டார். பின்பலகை மட்டும் பிளந்துவிட்டது. அந்த இடத்தில் பிளைவுட் அடித்தார். 2016இல் அவர் மௌத்தானார். இடது லாச்சியின் திறப்பு உம்மாவின் கோர்வைக்குப் போனது. மேசைக்கு மேல் ஒரு துணி விரித்தோம். அவ்வளவுதான். ஏழு வருடம் அது உடுப்பு மடித்து வைக்கும் மேசையாகக் கிடந்தது.

என் பழைய கணினியின் இரும்புக் கூடு உப்புக் காற்றில் துருப்பிடித்து, திருகாணிகள் கழற்ற முடியாமல் இறுகிவிட்டன. இன்னொரு கூடு வாங்கினாலும் அதே கதைதான், மரத்துக்குள் வைத்தால் என்ன என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி உண்மை, வெளிநாட்டுப் பொடியன்கள் மேசைக்குள் கணினி கட்டும் வீடியோக்களை இரவிரவாகப் பார்த்ததுதான். கண்ணாடியும் நிறநிறமான வெளிச்சமும் எனக்கும் வேண்டும் போலிருந்தது. வயது நாற்பத்தெட்டு.

மேசை என் தனிச்சொத்தில்லை, வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. தம்பியிடம் கேட்டேன். "செய்ங்க காக்கா" என்று கட்டாரிலிருந்து வொய்ஸ் அனுப்பினான். ராத்தா, "உம்மாட்டக் கேளு" என்றா. உம்மா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "வலப்பக்கம் என்னண்டாலும் செய். இடப்பக்கத்து லாச்சியில மட்டும் கை வெக்காத" என்றா.

2023 டிசம்பர் விடுமுறையில் ஓடாவியாரைக் கூட்டி வந்தேன். மேற்பலகையை நடுவில் சதுரமாக வெட்டிக் கண்ணாடி போடச் சொன்னேன். அவர் உள்ளங்கையால் பலகையைத் தடவினார். "ரெண்டே பலக சேர். இந்த அகலத்துல பலா இனி எங்க எடுக்கிற? மாரிக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும். ஒங்கட கண்ணாடி நிண்டு பிடிக்கா." அவர் சொன்னது சரி. 1951இல் வந்த சட்டப்படி பலா மரத்தை அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. பழைய பலகையை வெட்டிவிட்டால் அப்படியொன்று திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

அதனால் வலது பக்க லாச்சிகள் மூன்றையும் எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குக் கண்ணாடிக் கதவு போடுவதென்று முடிவானது. லாச்சிகளின் முகப்புப் பலகைகளை ஓடாவியார் பக்குவமாகக் கழற்றி, சாக்கில் சுற்றித் தந்தார். "எறிஞ்சிடாதீங்க சேர். தேவப்படும்." லாச்சி ஓடும் சட்டங்களைக் கழற்றியபோது இடுக்கிலிருந்து மணல் கொட்டியது. ஒரு கைப்பிடி இருக்கும். கடல் மணல். பத்தொன்பது வருடமாக உள்ளே இருந்திருக்கிறது. தும்புத்தடியோடு வந்த உம்மா, கூட்டாமல் கொஞ்ச நேரம் நின்றா.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக வேலை விபரமும் சொல்கிறேன். பாவித்த ஐ5 ப்ரொசெஸர் ஒன்றும், மைக்ரோ ஏ.டி.எக்ஸ் மதர்போர்டும் வாங்கினேன். அந்தப் போர்ட் 24.4 சென்ரிமீற்றர் சதுரம். லாச்சி இருந்த இடத்தில் தாராளமாக நின்றது. போர்டை நேரே மரத்தில் அறையக் கூடாது. இரும்புக் கூட்டில் கூடே எர்த்தோடு சேர்ந்திருக்கும், மரத்தில் அது இல்லை. ஆகவே ஒரு அலுமினியத் தகடு வைத்து, அதன் மேல் பித்தளைக் கால்களில் போர்டை நிறுத்தி, தகட்டிலிருந்து பவர் சப்ளையின் உடம்புக்கு ஒரு வயர் கொடுத்தேன். சுவர்ப் பிளக்கில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் வீட்டுப் பிளக்கில் ஓட்டை மூன்று இருந்தது, உள்ளே வயர் இரண்டுதான்! எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகுதான் சுவிட்சைப் போட்டேன்.

முதல் நாளே சூடு. மூடிய பெட்டிக்குள் விசிறி எத்தனை இருந்தாலும் அதே காற்றைத்தான் சுற்றும். கால் மணித்தியாலத்தில் 90 பாகை தாண்டியது. "கோழிக்கூட்டுக்கும் காத்து வேணுமே சேர்" என்றார் ஓடாவியார். அடியில் குளிர் காற்று நுழைய ஒரு வழி, பின்னால் மேலே சூடு வெளியேற ஒரு வழி. வாப்பா அடித்த பிளைவுட்டில்தான் அந்தத் துளையை வெட்டினோம். பலாவில் வாள் படவில்லை.

பிழை அதற்குப் பிறகு நடந்தது. கண்ணாடிக் கதவு மேசையில் இருப்பவர் பக்கம்தான் வரும். வாப்பா வைத்திருந்த மாதிரி வைத்தால், வருகிறவர்கள் கண்ணில் என் நீல வெளிச்சம் படாது. ஆகவே மேசையைத் திருப்பிச் சுவரோடு தள்ளினேன். நான் சுவரைப் பார்த்து, வாசலுக்கு முதுகு காட்டி இருந்தேன். வருகிறவர்கள் வாசலிலேயே நின்று "மாஷா அல்லாஹ்" சொன்னார்கள். அந்தப் படத்தைத்தான் நீங்களும் பார்த்தீர்கள்.

இப்போது ஏரோகிராம் கொண்டு யாரும் வருவதில்லை. ஆனால் வாங்கு காலியாகவும் இல்லை. கடவுச்சீட்டு விண்ணப்பம், பல்கலைக்கழக விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு, இடமாற்றக் கடிதம், இப்படி ஏதாவது ஒன்றுக்கு "சேர்ட ஊட்டுல கொம்பியூட்டர் இரிக்கி" என்று வருவார்கள். நானும் காசு வாங்குவதில்லை. வாப்பாவைப் போல நானும் ஊருக்கு உதவுகிறேன் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு.

ஒரு பின்னேரம் ஒருவர் வந்து கடிதம் ஒன்றை டைப் செய்யச் சொன்னார். அவர் யார், என்ன கடிதம், எந்த மாதம் என்பதை எழுத மாட்டேன். எழுதினால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை. அவர் தாழ்ந்த குரலில் சொன்னார், நான் பெரிய எழுத்தில் அடித்தேன். எனக்குப் பின்னால் வாங்கில் இன்னும் மூன்று பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். கண்ணாடியைப் பார்த்த கண்கள் திரையையும் பார்த்திருக்கின்றன. இஷாவுக்கு முன் அந்தக் கடிதத்தின் கதை ஒழுங்கை முழுக்கப் போய்விட்டது.

அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போய் மாப்புக் கேட்டேன். "பரவாயில்ல சேர்" என்று மட்டும் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு அவர் வரவில்லை.

உம்மா ஏசவில்லை. ராச்சாப்பாட்டு நேரம் கேட்டா. "வாப்பா ஏன் சுவத்துக்கு முதுகு குடுத்து இருந்தவர் எண்டு நீ ஒருநாளும் யோசிக்கல்லியா?"

நான் யோசித்ததில்லை. வாசல் காற்றுக்காக என்று நினைத்திருந்தேன்.

"அவர் எழுதுற நேரம் நான் தேத்தண்ணி கொண்டு போனாலும் முன்னால நிண்டு வெச்சிட்டு வருவன். பின்னால போனதில்ல. எழுதினது என்னண்டு எனக்கிட்டயும் சொன்னதில்ல. அந்த மேச வாய் தொறக்கா எண்டு தெரிஞ்சிதான் சனம் வந்திச்சி மகன்."

இரவு நித்திரை வரவில்லை. எழும்பிப் போய்க் கணினியைப் போட்டு டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தேன். ஊரின் பாதி அடையாள அட்டைகள் அதற்குள் இருந்தன. பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள், ஒருவரின் வைத்திய அறிக்கை. யாருமே என்னிடம் "வைத்திருங்கள்" என்று தரவில்லை. நான் அழிக்கவில்லை, அது வைத்திருந்தது. வாப்பா கடிதத்தை ஒட்டிக் கையில் கொடுத்துவிடுவார். வைக்கச் சொன்னதை மட்டும் பூட்டி வைப்பார். இந்தப் பெட்டி சொன்னதையும் சொல்லாததையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறது.

வெள்ளிக்கிழமை ஓடாவியாரைத் திரும்பவும் கூப்பிட்டேன். சாக்கைக் கண்டதும் சிரித்தார். ஒன்றும் கேட்கவில்லை. மூன்று முகப்புகளையும் ஒரு சட்டத்தில் பொருத்திக் கதவாக்கி, பிணைச்சல் போட்டார். மூடினால் பழைய மூன்று லாச்சிகள்தான். நீல விளக்கைக் கழற்றி ஒரு மாணவனுக்குக் கொடுத்தேன். மேசையைப் பழையபடி திருப்பினோம். இப்போது என் முதுகு சுவருக்கு, திரை எனக்கு மட்டும். சுவரில் முட்டிக்கொண்டிருந்த துளை திறந்த பக்கம் வந்ததால் சூடும் 60 பாகைக்கு இறங்கிவிட்டது. ஒரே குறை, வருகிறவர்களின் முழங்காலில் சூடான காற்று அடிக்கிறது. மாரி காலத்தில் அதற்காகவே அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

வாங்கை வெளி விறாந்தைக்குக் கொண்டு போனேன். உள்ளே ஒரேயொரு கதிரை. ஒருவர் போன பிறகுதான் அடுத்தவர். வேலை முடிந்ததும் அவர் கண் முன்னாலேயே அவருடைய ஃபைல்களை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலியாக்குகிறேன். வட்ஸப்பில் அனுப்பிய படம் என் போனிலும் இருக்கும், அதையும் அழிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. என் பழைய ப்ரொசெஸர் 11க்குத் தகுதியில்லை. ஆகவே லினக்ஸ் போட்டேன். போடும்போதே முழு டிஸ்க்கையும் கடவுச்சொல்லால் பூட்டும் வசதியைத் தெரிவு செய்தேன். நாளை யாராவது டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனாலும் ஒன்றும் வாசிக்க ஏலாது.

என்னைப் போல வீட்டில் ஊருக்கு டைப் செய்து கொடுக்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர் இதை வாசிப்பீர்கள். மேசைக்குள் கணினி கட்டுங்கள், கட்டாமல் விடுங்கள். ஆனால் இன்று இரவு உங்கள் டவுன்லோட் ஃபோல்டரை ஒரு தடவை திறந்து பாருங்கள். திரை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றும் பாருங்கள்.

இடது லாச்சி இன்னும் பூட்டியேதான் இருக்கிறது. கையெழுத்துக் காணாத கடிதங்கள் இருக்கலாம், வெறும் லாச்சியாகவும் இருக்கலாம். திறப்பு உம்மாவிடம். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை.

வாப்பாவுக்காக ஒரு துஆச் செய்துகொள்ளுங்கள். அந்தக் கடிதக்காரர் என்னை மன்னிக்க வேண்டும் என்றும்.