பார்த்து விலக்குதல்

நிராகரிப்பாளன் என்று நண்பர்கள் என்னைச் சொல்வதுண்டு. அந்தச் சொல்லுக்கு மதுரையிலேயே ஓர் அளவுகோல் கிடைத்திருக்கிறது. இங்கே 2018இல் இயங்கத் தொடங்கிய 85 டன் காந்தக் கருவி, நியூட்ரினோ ஆய்வுக்கான முன்மாதிரி. நியூட்ரினோ சிக்குவது அபூர்வம். காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான்களோ ஓயாமல் பொழிந்து அதை மறைத்துவிடும். அவற்றை விலக்கவே, கருவியைச் சூழ்ந்து நிற்கும்படி பிளாஸ்டிக் பலகைகள் வகுக்கப்பட்டன. மியூவான் ஊடுருவும்போது பலகை மங்கலாக ஒளிர்கிறது. மெல்லிய இழைகள் அவ்வொளியைச் சிலிக்கான் உணரிகளிடம் சேர்க்கின்றன. 10,000 மியூவான்களில் ஒன்றுக்கு மேல் தப்பக்கூடாது என்பது இலக்கு.

ஆக, விலக்குவதற்காகவே ஒவ்வொன்றையும் பார்த்தாக வேண்டியிருக்கிறது. நம் விமர்சனத்திலோ முன்னுரையைப் புரட்டியதுமே தீர்ப்பு தயார். ஒரு கவிதையை நிராகரிப்பவனிடம் நான் கேட்பது இவ்வளவே: அது உன்னுள் ஊடுருவிய இடத்தைக் காட்டு.